பத்து வீதக்காரர் – 5: ஒரு ஜூலை மாதக் கடிதம்

சென்ற வாரம் ஜூல்ஸ் ஸ்டைனைச் சிக்காகோவில் விட்டுவிட்டு வந்தோம். கண் வைத்தியம் படித்த மனிதர். பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்த அதே 1924 ஆம் ஆண்டில் எம்.சி.ஏ. என்ற கம்பனியைத் தொடங்கி, நடன மண்டபங்களுக்கு வாத்தியக் குழுக்களைப் பிடித்துக் கொடுத்தார். தரகு நூற்றுக்குப் பத்து வீதம். பேர்போன குழு வேண்டும் என்று கேட்கும் மண்டபக்காரர் மற்ற எல்லாக் குழுக்களையும் எம்.சி.ஏ.யிடமே எடுக்க வேண்டும். கை லொம்பார்டோவின் குழுவைக் கேட்டால், யாரும் கேள்விப்படாத சிலரையும் சேர்த்துத்தான் அனுப்புவார்கள்.

1936 டிசம்பரில் இந்தக் கம்பனிக்குள் 23 வயது இளைஞர் ஒருவர் நுழைந்தார். பெயர் லூ வாசர்மன். ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பம். பிறந்தது ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரில். பள்ளிக்கூட நாட்களிலேயே இரவில் திரையரங்கில் டோர்ச் அடித்து இருக்கை காட்டினார். பல்கலைக்கழகப் பக்கம் போகவில்லை. ஓர் இரவு விடுதிக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவரை ஸ்டைன் வாரம் 60 டொலர் சம்பளத்துக்கு எடுத்தார்.

நெட்டையான ஆள். கறுப்பு சூட், வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. பின்னாளில் எம்.சி.ஏ.யின் ஏஜென்ட்மார் அத்தனை பேருக்கும் இதுவே சீருடை. கடிதம், குறிப்பு என்று எதையும் எழுதிவைக்க விரும்பமாட்டார். மாலையில் எழுந்து போகும்போது மேசைமேல் ஒரு தாள் கிடக்கக் கூடாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை விரும்பாத இந்த மனிதர் கட்டிய பேரரசு ஒரே ஒரு காகிதத்தின்மேல் எழும்பியது. பத்து வருடம் போனபின் அந்தக் காகிதமே அவரைத் தேடி வந்தது.

1930களின் முடிவில் ஸ்டைன் அவரை ஹொலிவூட்டுக்கு அனுப்பினார். அங்கே அப்போது ஸ்டூடியோக்களின் ஆட்சி. ஒரு நடிகை கையெழுத்துப் போட்டால் ஏழு ஆண்டுகள் அந்த ஸ்டூடியோவுக்கே சொந்தம். கொடுத்த வேடத்தை வேண்டாம் என்றால் சம்பளம் இல்லாமல் நிறுத்திவைப்பார்கள். நிறுத்திவைத்த நாட்களையும் எண்ணி, ஒப்பந்தத்தின் வாலில் கட்டிவிடுவார்கள். ஏழு ஆண்டு எட்டாகும், ஒன்பதாகும். ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகை 1943 இல் வோர்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டு, 1944 டிசம்பரில் கலிபோர்னியா மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். ஏழு ஆண்டு என்றால் நாட்காட்டியில் உள்ள ஏழு ஆண்டுதான், நிறுத்திவைத்த நாட்களைச் சேர்க்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

லுணுகலை, ஹொப்டன், மடுல்சீமைப் பக்கத்து மூத்தவர்களுக்கு இந்த வழக்கை விளக்கவே தேவையில்லை. துண்டு முறையில் நம் முன்னோர் கட்டுண்டிருந்தது இப்படித்தான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இருக்கும் கடனை எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் ஆளோடு கூடவே நடந்து வரும். இங்கே அந்தத் துண்டு 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. கலிபோர்னியாவின் வெயிலில் நீச்சல் குளம் வைத்த வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த விடுதலை கிடைக்க இன்னும் 23 ஆண்டுகள் ஆயின. நட்சத்திரத்தின் வருமானமும் கொழுந்து பறித்தவளின் நாட்கூலியும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதை நான் மறக்கவில்லை. ஆனால் கட்டு ஒரே மாதிரியான கட்டு.

அந்தக் கட்டு தளர்ந்த நேரத்தில்தான் வாசர்மன் உயர்ந்தார். 1945 இல் லீலண்ட் ஹேவர்ட் என்பவரின் ஏஜென்சியை எம்.சி.ஏ. விலைக்கு வாங்கியது. ஜேம்ஸ் ஸ்டுவர்ட், ஹென்றி ஃபொண்டா போன்றவர்கள் அந்தப் பட்டியலோடு வந்து சேர்ந்தார்கள். 1946 இல் வாசர்மன் கம்பனியின் தலைவரானார். வயது 33. ஸ்டைன் மேலே அமர்ந்துகொண்டார், நடத்தியது இவர்.

அதே 1946 இல் சான் டியகோ நகரத்தில் நடன மண்டபம் வைத்திருந்த லரி ஃபின்லி என்பவர் எம்.சி.ஏ.மீது தொடுத்த வழக்கில் வென்றார். நல்ல குழுக்கள் தன் மண்டபத்துக்கு வராமல் தடுத்துவிட்டார்கள் என்பது அவருடைய குறை. எம்.சி.ஏ.யை 'ஒக்டோபஸ்' என்று ஊர் அழைத்தது. தீர்ப்பு வந்தது, நட்டஈடு விதிக்கப்பட்டது, எம்.சி.ஏ. வளர்ந்துகொண்டே போனது.

இனி வாசர்மனின் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவருடைய குற்றத்தை மட்டும் எழுதினால் இந்தத் தொடர் பொய்யாகிவிடும்.

ஜேம்ஸ் ஸ்டுவர்ட் 'வின்செஸ்டர் 73' என்ற படத்தில் நடிக்க வேண்டும் என்று யூனிவர்சல் ஸ்டூடியோ கேட்டது. ஸ்டுவர்ட்டின் வழக்கமான சம்பளம் சுமார் 2 இலட்சம் டொலர். யூனிவர்சலிடம் அந்தப் பணம் இல்லை. வேறு ஏஜென்ட் என்றால் பேரம் பேசிக் குறைத்திருப்பார், அல்லது எழுந்து வந்திருப்பார். வாசர்மன் சம்பளமே வேண்டாம் என்றார். இலாபத்தில் பங்கு கொடுங்கள் என்றார். படம் ஓடினால் பணம், ஓடாவிட்டால் இல்லை. 1950 இல் படம் வெளிவந்தது, நன்றாக ஓடியது. ஸ்டுவர்ட் கைக்கு வந்தது சுமார் 6 இலட்சம் டொலர் என்பார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் மிக உயர்ந்த வருமானத்துக்கு வரி நூற்றுக்கு 80 ஐயும் தாண்டியது. இலாபப் பங்கு ஆண்டுகளுக்குப் பிரிந்து வருவதால் வரியும் குறைந்தது. உழைப்பவன் கூலியோடு நிற்காமல் விளைச்சலிலும் பங்கு கேட்கலாம் என்ற வழியை இவ்வளவு பெரிதாகத் திறந்துவிட்ட பேரம் ஹொலிவூட்டில் அதற்கு முன் அரிது. இன்று இலாபப் பங்கு வாங்கும் ஒவ்வொரு நட்சத்திரமும் அந்த வழியில்தான் நடக்கிறார்.

ஆனால் 1950 இல் வாசர்மனின் கண் வேறொரு பெட்டியின்மேல் இருந்தது.

1950 இல் அமெரிக்காவில் நூறு வீட்டுக்கு ஒன்பது வீட்டில் தொலைக்காட்சி. பத்தே ஆண்டில் அது 87 வீடாகப் போகிறது. இலங்கைக்குத் தொலைக்காட்சி வர 1979 வரை, ரூபவாஹினி வர 1982 வரை காத்திருந்த நமக்கு அந்த வேகத்தை எண்ணிப் பார்ப்பது சிரமம். பெரிய ஸ்டூடியோ முதலாளிமார் அந்தப் பெட்டியைப் பகையாகப் பார்த்தார்கள். தங்கள் நடிகர்களை அதில் தோன்ற விடவில்லை. அவர்களுடைய நிலையும் அப்போது நன்றாக இல்லை. தயாரிப்பவரே திரையரங்கையும் வைத்திருக்கக் கூடாது என்று 1948 மே மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் பரமவுண்ட் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. இன்னொரு பக்கம், நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயோர்க்கில் நேரடியாகவே நடந்தன. ஒளிபரப்பு முடிந்தால் நாடகமும் முடிந்தது. மறுபடி காட்ட உருப்படியாக எதுவும் மிஞ்சாது.

வாசர்மன் வேறுவிதமாகக் கணக்குப் போட்டார். தொலைக்காட்சி நாடகத்தைத் திரைப்படம் போலப் பிலிமில் எடுத்தால் என்ன? இன்று காட்டலாம், அடுத்த ஆண்டும் காட்டலாம், வேறு ஊருக்கும் விற்கலாம். எழுத்தாளர், இயக்குநர், நடிகர் எல்லோரும் எம்.சி.ஏ.யின் பட்டியலிலேயே இருக்கிறார்கள். மிச்சம் தேவைப்பட்டது ஒரு தயாரிப்புக் கம்பனி. அதுவும் கைவசம் இருந்தது: ரெவ்யூ புரொடக்ஷன்ஸ். 1950 இல் ரெவ்யூ தொலைக்காட்சி வேலையில் இறங்கியது.

ஒரே ஒரு தடை. நடிகர் சங்கத்தின் விதி.

1933 இல் தொடங்கிய திரை நடிகர் சங்கம் ஏஜென்ட்மாருக்கு ஓர் எல்லை போட்டிருந்தது. சங்கத்தின் அனுமதி இல்லாமல் ஏஜென்ட் தயாரிப்பாளராகக் கூடாது. காரணம் தெளிவானது. நடிகனின் சம்பளத்தில் பத்து வீதம் ஏஜென்டுக்கு. ஆகவே சம்பளம் உயர வேண்டும் என்பதே ஏஜென்டின் ஆசை. தயாரிப்பாளனுக்கோ சம்பளம் குறைய வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிட்டால் நடிகனுக்காக யார் வாதாடுவது?

இந்தக் கேள்விக்கு நம் மலைகளில் பதில் உண்டு. பெரிய கங்காணி மதுரை, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் ஆள் கட்டி வருவார். உறவு முறை சொல்லி அழைத்து வருவார். வழிச் செலவுக்கு முன்பணம் கொடுப்பார். வந்து சேர்ந்தபின் துரையிடம் பேசுவதற்கு அவரை விட்டால் ஆளில்லை. சம்பளக் குறையோ, லயத்துக் கூரை ஒழுகலோ, எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் பிரட்டுக் களத்தில் காலையில் எத்தனை பேர் நிற்கிறார்களோ, அத்தனை தலைக்கும் இவ்வளவு சதம் என்று அவருக்குத் தலைக்காசு கொடுத்தது தோட்டம். காய்ச்சலில் ஒருத்தி லயத்தில் படுத்தால் அன்றைக்கு அவருடைய தலைக்காசில் ஒரு தலை குறையும். அவள் சார்பில் துரையிடம் பேச வேண்டியவரும் அவரே. தனிப்பட்ட முறையில் நல்ல மனம் படைத்த கங்காணிமார் இருந்தார்கள். தன் ஆட்களுக்காகத் துரையோடு சண்டை பிடித்து வேறு தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். முறை அப்படி அமைந்திருந்தது என்பதே என் பேச்சு. ஆளைக் கொண்டுவந்தவரும் ஆளை வேலை வாங்குபவரும் ஒருவரே ஆகும் இடத்தில், நல்ல மனத்தை நம்பித்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. இன்று வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்சி வாசலில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அந்த ஏஜென்ட் யாரிடம் பணம் வாங்குகிறார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று தாய்மாரைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹொலிவூட் நடிகர் சங்கம் இந்தப் பள்ளத்தை முன்பே கண்டு வேலி போட்டிருந்தது. 1952 கோடையில் அந்த வேலி திறந்தது.

அந்தக் கோடையின் நிலவரத்தைப் பாருங்கள். புதிய தொலைக்காட்சி நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பதை 1948 முதல் நிறுத்திவைத்திருந்த அமெரிக்க அரசு, 1952 ஏப்ரலில் அந்தத் தடையை நீக்கியது. நாடு முழுவதும் நிலையங்கள் முளைக்கப் போகின்றன. எல்லாவற்றுக்கும் நிகழ்ச்சி வேண்டும். ஹொலிவூட்டிலோ நடிகர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். வேலை நியூயோர்க்குக்கே போய்விடுமோ என்ற பயம் சங்கத்துக்கு. எம்.சி.ஏ. சங்கத்திடம் போய், எங்களை விட்டால் ஹொலிவூட்டில் ஏராளமாகத் தொலைக்காட்சிப் படம் எடுப்போம், உங்கள் ஆட்களுக்கு வேலை கிடைக்கும் என்றது. எம்.சி.ஏ. சார்பில் பேசிய வழக்கறிஞர் லோரன்ஸ் பைலன்சன். இவர் முன்பு அதே நடிகர் சங்கத்தின் வழக்கறிஞராக இருந்தவர்.

சங்கத்தின் தலைவர் யார்? 1947 முதல் அந்தக் கதிரையில் இருந்தவர் ரொனால்ட் ரீகன். ஆம், பிறகு அமெரிக்க ஜனாதிபதியான அதே ரீகன்தான். அவருடைய ஏஜென்சி எது? எம்.சி.ஏ. 1940களில் வோர்னர் பிரதர்ஸ் நிறுவனத்திடம் ஏழு ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலர் என்று அவருக்கு ஒப்பந்தம் பேசிக் கொடுத்தவர் வாசர்மன். 1952 இல் அந்தப் பொற்காலம் போய்விட்டது. ரீகனின் படங்கள் சரிந்துகொண்டிருந்தன. அந்த மார்ச் மாதத்தில்தான் அவர் நான்சி டேவிஸை மணந்தார். நான்சியும் சங்கத்தின் ஆளும் சபையில் இருந்தார்.

ஜூலை மாதம் சங்கம் எம்.சி.ஏ.க்கு ஒரு கடிதம் கொடுத்தது. எம்.சி.ஏ. ஏஜென்சியாகவும் இருக்கலாம், ரெவ்யூ மூலம் தொலைக்காட்சிப் படங்களும் தயாரிக்கலாம். வேறு எந்த ஏஜென்சிக்கும் இவ்வளவு விரிந்த அனுமதி கிடைக்கவில்லை.

சங்கம் சும்மா கொடுத்ததா? இல்லை. ஒளிபரப்பிய படத்தை மறுபடி காட்டினால் நடிகனுக்கு மறுபடியும் பணம் கொடுக்க ரெவ்யூ ஒத்துக்கொண்டது. மற்றத் தயாரிப்பாளர்கள் பல்லைக் கடித்து எதிர்த்துக்கொண்டிருந்த கோரிக்கை அது. சின்ன வேடத்தில் வந்து போன எத்தனையோ நடிகர்களுக்கு, வேலையில்லாத மாதங்களில் தபாலில் வந்த அந்தச் சிறு காசோலைகள் அடுப்பெரிய உதவின. ஆகவே அந்தக் கடிதத்தை வெறும் துரோகம் என்று எழுத என் கை வரவில்லை. உண்மையான ஒரு நன்மையைக் கொடுத்துத்தான் எம்.சி.ஏ. அந்த வேலியைத் திறக்கவைத்தது. நடிகர்களுக்கு வந்த காசு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தமக்காகப் பேச ஆளில்லாமல் போனது அப்போது அவ்வளவாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த வேகத்தை என்ன சொல்ல!

ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியின் விளம்பரத்தோடு 'ஜெனரல் இலெக்ட்ரிக் தியேட்டர்' என்ற வாராந்த நாடகத் தொடரை ரெவ்யூ நடத்தியது. 1954 இல் அதைத் தொகுத்து வழங்கும் வேலை ரீகனுக்கு வந்தது. ஆண்டுச் சம்பளம் 1,25,000 டொலர். வருடத்தின் ஒரு பகுதி அந்தக் கம்பனியின் தொழிற்சாலைகளுக்குப் போய்த் தொழிலாளரிடம் பேச வேண்டும். அவருடைய அரசியல் நாக்கு பழகியது அங்கேதான்.

1955 ஒக்டோபர் 2 ஆம் திகதி, ஞாயிறு இரவு, அதே சி.பி.எஸ். அலைவரிசையில் ரீகனின் நிகழ்ச்சிக்கு அடுத்த அரைமணி நேரத்தில் ஒரு தடித்த மனிதர் நிழலுருவாக நடந்து வந்தார். அல்ஃபிரட் ஹிட்ச்கொக். திரைப்பட இயக்குநர்களில் மேல்தட்டு ஆள். தொலைக்காட்சிக்குப் போனால் மதிப்புக் கெடும் என்று பலரும் நினைத்த காலத்தில் அவரைப் போகவைத்தவர் வாசர்மன். கைமாறாகப் படங்களின் உரிமை ஹிட்ச்கொக்குக்கே சேரும்படி ஒழுங்கு செய்தார். அந்தத் தொலைக்காட்சிக் குழுவைக் கொண்டே ஹிட்ச்கொக் 1960 இல் 'சைக்கோ' படத்தைச் சுமார் 8 இலட்சம் டொலரில் எடுத்து முடித்தார்.

1957 இல் 'வேகன் ட்ரெய்ன்' வந்தது. என்.பி.சி. நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரான ரொபர்ட் கின்ட்னர், எம்.சி.ஏ.யின் நியூயோர்க் ஆள் சன்னி வெர்ப்லினிடம் அடுத்த பருவத்துக்கான நேர அட்டவணையைக் காட்டி, வெற்றிடங்களை நிரப்பித் தரும்படி கேட்டதாகச் சொல்வார்கள். 1958 இல், தொலைக்காட்சியைப் பகைத்த பரமவுண்ட் ஸ்டூடியோவின் 1948 க்கு முந்திய படங்களை எம்.சி.ஏ. 50 மில்லியன் டொலருக்கு மொத்தமாக வாங்கித் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றது. அதே ஆண்டு முடிவில் யூனிவர்சல் ஸ்டூடியோவின் 367 ஏக்கர் நிலத்தை 11.25 மில்லியன் டொலருக்குப் பேசி எடுத்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்டுவர்ட்டுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் நின்ற அந்த யூனிவர்சல், இனித் தன் சொந்த வளவிலேயே எம்.சி.ஏ.யின் வாடகைக் குடி.

இப்போது ஒரு நடிகனின் இடத்தில் நின்று பாருங்கள். அவனுடைய ஏஜென்ட் எம்.சி.ஏ. அவன் வேலை கேட்டுப் போகும் தயாரிப்பாளர் எம்.சி.ஏ. படம் எடுக்கும் நிலம் எம்.சி.ஏ.யுடையது. சம்பளம் போதாது என்று முறையிட வேண்டுமானால், அந்த முறையீட்டைக் கொண்டுபோக வேண்டியவரும், கேட்டு முடிவு சொல்ல வேண்டியவரும் ஒரே கட்டிடத்தில், ஒரே கறுப்பு சூட்டில் இருந்தார்கள். மறுபக்கம், எம்.சி.ஏ.யில் இல்லாத நடிகனுக்கு ரெவ்யூவின் கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்ற கேள்வியும் எழுந்தது.

இந்தக் கேள்விகளை அமெரிக்க நீதித் திணைக்களம் ஏற்கெனவே எடுத்திருந்தது. 1961 ஜனவரியில் ஜோன் கென்னடி ஜனாதிபதியானார். தம்பி ரொபர்ட் கென்னடி சட்டமா அதிபரானார். விசாரணை சூடு பிடித்தது. நடிகர் சங்கமும் விழித்துக்கொண்டு, 1952 இல் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறும் முடிவை எடுத்தது. ஏஜென்சியா, தயாரிப்பா, இரண்டில் ஒன்றை எம்.சி.ஏ. தேர்ந்தெடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. அரசாங்க வழக்கறிஞர்களின் கவலை வேறு. அந்த அனுமதி எப்படிக் கிடைத்தது? அதற்குக் கைமாறாக யாருக்காவது ஏதாவது போய்ச் சேர்ந்ததா?

1962 பெப்ரவரி 5 ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸில் கூடிய பெரு நடுவர் சபையின் முன் ஒரு சாட்சி அழைக்கப்பட்டார். அந்தச் சபையின் விசாரணை மூடிய அறைக்குள்தான் நடக்கும். சாட்சியோடு அவருடைய வழக்கறிஞர்கூட உள்ளே போக முடியாது. கதிரையில் வந்து அமர்ந்தவர் ரொனால்ட் ரீகன். இன்னமும் அவர் ஜெனரல் இலெக்ட்ரிக் தியேட்டரின் தொகுப்பாளர். இன்னமும் அவருடைய ஏஜென்சி எம்.சி.ஏ.

கேள்வி கேட்க எழுந்தவர் நீதித் திணைக்கள வழக்கறிஞர் ஜோன் ஃபிரிக்கானோ. சுற்றி வளைத்து அவர் 1952 ஜூலைக்கு வந்து சேர்ந்தார். அந்த அனுமதியைக் கொடுக்கும் பேச்சில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

ரீகனுக்கு நினைவில்லை. அந்தக் கோடையில் தான் ஊரிலேயே இருக்கவில்லை போலும் என்றார். கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரு படப்பிடிப்பில் இருந்ததாகச் சொல்லி, படத்தின் பெயரையும் சொன்னார்: 'கெட்டில் குயீன் ஒஃப் மொன்டானா'.

அந்தப் படம் எடுக்கப்பட்டது 1954 இல்.

(தொடரும்)